எரியாத துணியும் நான் சொன்ன பொய்யும்

அய்யா உண்டு.

மக்கா,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் வழக்கம். உன் நலத்தை நேற்று வந்த உன் கார்டே சொல்லிவிட்டது. என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன், அதனால் அதை முதல் வரியிலேயே முடித்துவிட முடியாது. வாயால் சொன்னால் போதாதா என்று உன் அம்மா கேட்டாள். சொல்லலாம்தான். மூன்று வாக்கியம் பேசினால் இருமல் வந்து நாலாவதைத் தின்றுவிடுகிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்காவது மை சிந்தியிருந்தால் அங்கே நான் இருமினேன் என்று வைத்துக்கொள்.

உன் கார்டில் நாலைந்து வரிதான். பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை புதுக்கடை மாமா வீட்டிலிருந்து திருவனந்தபுரம் போய் அங்கே ரயில் ஏறுகிறாய். எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்களாம். கப்பல் குழாய்களுக்குக் கல்நார் பொதிகிற பிரிவுதான் வேண்டும் என்று நீயே கேட்டு வாங்கினாயாம், ஏனென்றால் அது அப்பா பார்த்த வேலை. அந்த வரியை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அந்த வரியைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்திருப்பான். நான் கார்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். கிளம்புகிறதற்கு முன்னால் கோட்டாற்றுக்கு, நம் வீட்டுக்கு, வந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. எப்படி இருக்கும்? வராதே வராதே என்று ஆறு வருஷமாகச் சொன்னவன் நான்தானே.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த வேலைக்குப் போகாதே. வீட்டுக்கு வா. காரணம் சொல்லாமல் கட்டளை போடுவது என் பழைய குணம், அதன் பலனை நீதான் அனுபவித்தாய். இந்தத் தடவை காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முதலில் நான் சொன்ன ஒரு பெரிய பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலையிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது உனக்கு ஒன்பது வயசு. சுதந்திரம் வந்த வருஷம் அது. அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து, பெட்டியைத் திறந்து பிஸ்கட் டின் கொடுத்துவிட்டுப் போகிற ஆள்தான் நான் உனக்கு. வந்த முதல் வாரம் நீ என் பக்கம் அண்டவே இல்லை. அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று முறைத்தாய். பெற்ற பிள்ளையை எப்படிப் பக்கத்தில் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள், "லேய், முங்கிக்கப்பல் பாத்திருக்கியா?" என்று கேட்டேன். நீ தலையை வெளியே நீட்டினாய். "தண்ணிக்குள்ள போவுமா?" என்று கேட்டாய். "வந்தா சொல்லுகேன்" என்றேன். வந்தாய். மடியில் உட்கார்ந்தாய். உட்கார்ந்த பிள்ளையை எழுந்து போகவிட மனசில்லாமல் நான் கதையை நீட்டிக்கொண்டே போனேன்.

அந்தக் கப்பலில் நான் கடலுக்கடியில் போருக்குப் போனதாகச் சொன்னேன். ஜப்பான்காரன் கப்பலைக் கண்ணாடிக் குழாய் வழியாகப் பார்த்ததாகச் சொன்னேன். மூன்று கப்பலை மூழ்கடித்தேன். நாலாவதையும் மூழ்கடித்தேன், நீ கேட்டாய் என்பதற்காக. சண்டைக்கு நடுவே எஞ்சின் குழாய்க்குக் கல்நார் பொதிந்து கப்பலைக் காப்பாற்றியதும் நான்தான் என்றேன். பள்ளிக்கூடத்தில் உன்னை முங்கிக்கப்பல்காரன் மகன் என்று கூப்பிட்டார்கள். நீ மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்ததை நானே தெருமுனையில் நின்று பார்த்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். உன்னை மடியில் வைத்திருக்கிற சுகம் எனக்குப் பெரிதாக இருந்தது. அந்தச் சுகத்துக்கு நான் இவ்வளவு விலை கொடுப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது உண்மையைக் கேள். நான் மாலுமியே இல்லை. வெள்ளைக்காரனின் நீர்மூழ்கியில் நம்மவர்களை யார் ஏற்றினார்கள்? நான் துறைமுகப் பட்டறைக் கூலி. எஞ்சின் புகைக்குழாயும் நீராவிக் குழாயும் கையை வைத்தால் தோல் உரிகிற சூட்டில் இருக்கும். அந்தச் சூடு வெளியே வராமல் இருக்க அவற்றைக் கல்நாரால் பொதிய வேண்டும். பூமிக்கடியில் வெட்டி எடுக்கிற கல்தான் அது, ஆனால் பஞ்சுபோலப் பிரியும், நூலாகத் திரிக்கலாம், துணியாக நெய்யலாம், தீயில் போட்டாலும் எரியாது. மாவாக வருவதை வாளியில் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து, குழாயின்மேல் சாந்து பூசுவதுபோலப் பூசி, காய்ந்தபின் துணியைச் சுற்றி, வளைந்த ஊசியால் தைக்க வேண்டும். பதினோரு வருஷம் அதுதான் என் வேலை. அதில் கடைசி நாலு வருஷம் அந்த ஒரே நீர்மூழ்கிக்குள் கழிந்தது.

அந்தக் கப்பலும் நான் சொன்னதுபோல வீராதி வீரன் இல்லை. முதல் உலகச் சண்டை முடிகிற சமயத்தில் கட்டிய கிழட்டுக் கப்பல் அது. பேர்கூடக் கிடையாது, ஒரு எழுத்தும் எண்ணும்தான். இரண்டாவது சண்டையின் தொடக்கத்தில் குளிர்க்கடலில் இரண்டு மூன்று தடவை காவலுக்கு அனுப்பிப் பார்த்தார்களாம். எஞ்சின் வழியில் நின்றுபோய், கட்டி இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்றாம். அதன்பிறகு அதைச் சண்டைக்கு நம்பாமல், பயிற்சிக்கு என்று ஒதுக்கிக் கிழக்கே அனுப்பிவிட்டார்கள். பயிற்சி என்றால் அதில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. தினமும் காலையில் அது துறைமுகத்தைவிட்டு வெளியே போய்த் தண்ணீருக்குள் முங்கிக்கொள்ளும். சொந்தக் கட்சிக் கப்பல்கள் நாலைந்து வந்து அதைத் தேடும். தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பி, அது இரும்பில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, இதோ இங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குப் பையன்கள் பழகுவார்கள். கண்டுபிடித்தால் சின்ன வெடி ஒன்றைப் போடுவார்கள், கப்பல் குலுங்கும். மாலையில் எல்லோரும் சேர்ந்து திரும்பி வருவார்கள். மறுநாளும் அதே கண்ணாமூச்சிதான். அது ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை மக்கா. அதன் வேலையே ஒளிந்து அகப்படுவதுதான்.

அப்படி அகப்பட்டு அகப்பட்டுத்தான் அது எங்களைக் கெடுத்தது. சண்டைக்குப் போகிற கப்பல் திரும்பி வருவதற்கு மாதக்கணக்காகும், வந்தால்தான் எங்களுக்கு வேலை. இது தினமும் முங்கி எழும்பும், தினமும் குழாய் சூடாகி ஆறும், தினமும் வெடியில் குலுங்கும். நாங்கள் பூசியது வெடித்து உதிர்ந்துகொண்டே இருக்கும். வாராவாரம் உள்ளே இறங்கிப் பழையதைச் சுத்தியலால் தட்டிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பூசுவோம். உள்ளே குனிந்துதான் நடக்க முடியும், காற்று வர ஒரே ஒரு மூடி. பழைய கல்நாரைத் தட்டினால் கிளம்புகிற தூசி எங்கே போகும்? எங்களுக்குள்தான் போகும். நெற்றியில் மட்டும் நாமம் இட்டுக்கொண்டு இறங்கியவன் உடம்பு முழுக்க நாமமாக ஏறி வருவேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். என்னோடு குளச்சல்காரர் லாசர் என்று ஒருவர் வேலை பார்த்தார். அவர் மட்டும் தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். "என்னவே, கல்யாணப் பொண்ணு மாதிரி மூடிக்கிட்டு நிக்கீரு?" என்று அவரைப் பாடாய்ப் படுத்துவேன். அவர், "சிரியும்வே, சிரியும்" என்பார். லாசர் இன்றைக்கும் குளச்சலில் வலை இழுக்கிறார் என்று கேள்வி. தோர்த்து காப்பாற்றியதா, அவர் உடம்பு வாகா, எனக்குத் தெரியாது. வேலை தெரியாதவன்தான் மூக்கைக் கட்டுவான் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. அந்தத் திமிரில் நான்தான் முன்னால் நின்றேன்.

ஒரே ஒரு தடவை அந்தக் கப்பலில் நான் முங்கியிருக்கிறேன். நான் சொன்ன அத்தனையிலும் இந்த ஒன்று நிஜம். புகைக்குழாயைப் புதிதாகப் பொதிந்தபிறகு சூட்டில் வெடிப்பு விடுகிறதா என்று பார்க்க, பொதிந்தவனையே உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். மூடியை அடைத்ததும் காது அடைத்தது. பிறகு எஞ்சின் நின்றது. அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. வெளியே தேடுகிற கப்பலின் ஓசை மட்டும் இரும்புச் சுவரில் மணியடிப்பதுபோல ஒவ்வொன்றாக வந்து பட்டது. நான் குழாயைப் பார்க்கவே இல்லை. சாமித்தோப்பு அய்யாவை நினைத்துக்கொண்டு, உன் முகத்தை ஞாபகப்படுத்தப் பார்த்தேன். முகம் சரியாக வரவில்லை. லீவில் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை முகம் மறந்துவிட்டதே என்று அங்கேதான் அழுதேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு சிகரெட்டை எடுத்துக் காட்டி, மேலே போனதும் தருகிறேன் என்று ஜாடை செய்தான். கதையில் இதை உனக்குச் சொன்னதே இல்லை. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

சண்டை முடிந்தது. தேடிப் பழகுவதற்கு ஆள் இல்லை. பாட்டரியைக் கழற்றினார்கள், பேருக்குப் பதிலாக எழுதியிருந்த எண்ணை அழித்தார்கள், இரும்பு விலைக்கு விற்றுவிட்டார்கள். உடைக்கிறதற்கு முன்னால் குழாய்களில் இருந்த கல்நாரை எல்லாம் பிய்த்தெடுக்க வேண்டும் என்று எங்களையே இறக்கினார்கள். காய்ந்து கிடந்த அத்தனையும் ஒரே மாதத்தில் உடைத்தோம். பக்கத்தில் நிற்பவன் தெரியவில்லை. நாலு வருஷம் குடித்த தூசியை அந்த ஒரு மாதத்தில் குடித்திருப்பேன். வேலை முடிந்து ஊர் கிளம்பும்போது, கிடங்கில் மிஞ்சிக் கிடந்த கல்நார்த் துணி ஒரு சுருளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். கப்பலுக்குப் போனவன் வெறுங்கையோடு வந்தால் கோட்டாறு சிரிக்குமே.

அந்தச் சுருளை வைத்து நான் காட்டிய வித்தை உனக்கு நினைவிருக்கும். அடுப்பில் ஒரு துண்டைப் போடுவேன். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். இடுக்கியால் எடுத்து உதறினால் போட்டதைவிட வெள்ளையாக இருக்கும். உதறுவதுதான் வித்தையின் உச்சம். பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பீர்கள். பாத்திரம் இறக்குகிறதற்கு என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தேன். அந்த வருஷக் கோடையில் பின்தெருவில் ஓலைக்கூரைகள் எரிந்ததே, நீ அதைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் தூங்காமல் அழுதாய். நம் வீடும் ஓலைதானே அப்போது. அதற்காகத்தான் இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவே கல்நார்ப் பஞ்சை வைத்து, என் பழைய ஊசியாலேயே உனக்கு ஒரு போர்வை தைத்துக் கொடுத்தேன். "இதுக்குள்ள இருந்தா தீ உன்னைத் தொடாது மக்கா" என்றேன். நீ அன்றைக்கே தூங்கிவிட்டாய். நான் பெரிய சாதனை செய்தவன்போல உன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் வருஷம் இருமல் தொடங்கியது. வறட்டு இருமல், சாய்வில் ஏறினால் மூச்சு முட்டல், உடம்பு கரைந்தது. என் அண்ணன் காசநோயில் செத்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவர் இருமியதுபோலவே நானும் இருமுகிறேன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அண்ணன் மகளுக்கும் அது ஒட்டி, அவளும் போனாள். அதை நினைத்தால் எனக்கு உன்னைப் பார்க்கவே பயம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் அதையே டாக்டர் வாயாலும் கேட்க வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. உன்னைப் புதுக்கடையில் மாமா வீட்டில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். உன் அம்மா சண்டை பிடித்தாள்.

"எதை வச்சு ஒட்டுக தீனம்னு சொல்லுகிய? ஆசுபத்திரில சொன்னாவளா?"

"எனக்குத் தெரியாதாட்டி? எங்கண்ணனை நான் பாக்கலியா?"

"உங்கண்ணன் ரெத்தமாத் துப்புனாரு. நீங்க துப்புனியளா?"

"துப்புகது வரைக்கும் பிள்ளைய வச்சுக்கிட்டு இருக்கணுமோ?"

அவள் உன் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயசில் உன்னை பஸ் ஏற்றிவிட்டோம். நீ அந்தப் போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாய். என்னைத் தொடவிடாமல் அனுப்பினேன், அந்தத் துணியைத் தொடவிட்டு அனுப்பினேன். இதைவிடக் கூறுகெட்ட காரியம் நான் செய்ததில்லை.

அடுத்த மாசித் திருவிழாவுக்கு மாமாவோடு சாமித்தோப்புக்கு வந்த நீ, திரும்பும்போது வாசல்வரை வந்து நின்றாய். "அப்பா, ஒரே ஒரு தரம் உள்ள வந்துட்டுப் போறேன்" என்று கேட்டாய். நான் உள்ளேயிருந்து, "வராதலே! அங்கனயே நில்லு!" என்று கத்தினேன். கத்தியதில் இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துப் பார்த்தால் வாசலில் நீ இல்லை. அதற்குப் பிறகு நீ வந்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. கார்டு மட்டும் வரும். பள்ளி இறுதிப் பரீட்சை எழுத நாகர்கோவில் வந்தாயே, அன்றைக்கு நான் வடசேரியில் இருந்தேன். பஸ் வரும் நேரம் கேட்டு வைத்துக்கொண்டு, சந்தையில் மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் வியாபாரியோடு பேரம் பேசுகிறவன்போல நின்றேன். நீ இறங்கினாய். மீசை அரும்பியிருந்தது. உன் தாத்தாவின் நடை. குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாய். இருபது அடி தூரம் இருக்கும். நான் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன், இருமினால் திரும்பிப் பார்த்துவிடுவாயே என்று. நீ போனபிறகு அந்த வியாபாரி, "அண்ணாச்சி, மரச்சீனி வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார். எதையோ வாங்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க உன்னை நினைத்து நினைத்துப் பார்த்தேன். உனக்கு இப்போது எவ்வளவு உயரம் என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் இல்லை நான்.

நம் தாலுகாக்கள் மதராஸோடு சேர்ந்து ஊரெல்லாம் கொடி கட்டிய வாரத்தில்தான், உன் அம்மா என்னை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைப் பரிசோதித்தார்கள். டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்தவர், நம் பக்கத்துக்காரர்தான். "உங்களுக்குக் காசநோய்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். "யாரும் சொல்லல டாக்டர், நானாத்தான்" என்றேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். எனக்குப் பழைய பெருமை விட்டுப்போகவில்லை. முங்கிக்கப்பலில் வேலை, தீப்பிடிக்காத துணி, அடுப்பில் போட்டு எடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தூசி பறக்குமா, எவ்வளவு காலம், மூக்கைக் கட்டிக்கொள்வீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இது தொத்து நோயே இல்ல. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போய்த் தைச்சுக்கிட்டு இருக்கு. நுரையீரல் காய்ச்சுப்போச்சு. வெளிய எடுக்க வழி கிடையாது. சீமையில படிக்கும்போது கல்நார் ஆலையில வேலை பார்த்தவங்க படத்தைப் பார்த்திருக்கேன், அப்படியே இருக்கு." நான் ஒன்றைத்தான் திரும்பக் கேட்டேன். பிள்ளைக்கு ஒட்டாதா? "மடியில வச்சுக்கிட்டே இருந்திருந்தாலும் ஒட்டியிருக்காது" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். உன் அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். என் தட்டைத் தனியாக வைத்திருந்த மாடத்திலிருந்து எடுத்து மற்றப் பாத்திரங்களோடு போட்டாள். பிறகு சொன்னாள்: "ஆறு வருசமா உங்க தட்டுல மிச்சம் இருந்ததத்தான் நான் தின்னுகேன். ஒட்டுக தீனம்னா என்னைய மொதல்ல கொண்டு போயிருக்கும்லா? உங்ககிட்ட சொன்னா அடுப்பங்கரைக்கும் பூட்டுப் போட்டிருப்பிய." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒட்டும் என்று நான் நம்பிய நோயை, ஒட்டினால் ஒட்டட்டும் என்று அவள் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். நான் உன்மேல் வைத்த பயத்தை அன்பு என்று நினைத்துக்கொண்டு ஆறு வருஷம் கதவை அடைத்து உட்கார்ந்திருந்தேன். "பிள்ளைய வரச் சொல்லி எழுதுங்க" என்றாள். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். என்ன முகத்தோடு எழுதுவது என்று மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். அதற்குள் உன் கார்டு வந்துவிட்டது.

அந்தப் போர்வை உன்னிடம் இன்னும் இருக்கிறதா? எரித்துவிடு என்று எழுதலாம் என்றால் அது எரியாது. உதறாதே, வெயிலில் போட்டுத் தட்டாதே. தண்ணீரில் நன்றாக நனைத்து, ஈரத்தோடு சாக்கில் கட்டி, தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிடு. அதில் படுத்தவனுக்கு என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாது. தூசி பறந்தா நல்லதில்ல, அவ்வளவுதான் சொல்லத் தெரியும்" என்றார். அந்தத் தெரியாதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தெருவில் துண்டு வாங்கிக்கொண்டுபோன வீடுகளுக்கெல்லாம் உன் அம்மா போய்த் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவர்கள் என்று ஏசுகிறார்களாம். என் துணிமணியை அத்தனை லீவிலும் கல்லில் அடித்துத் துவைத்தவளும் அவள்தான். அவளையும் அந்த எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப்போக வேண்டும். அதற்கும் எனக்கு உன் துணை வேண்டும்.

பம்பாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உன் வயசில் நானும் கடல் தாண்டிப் போனவன், உன் காலைக் கட்ட எனக்கு உரிமை இல்லை. கடைசல் பிரிவில் கேள், மரவேலையில் கேள், வெல்டிங் கேள், கணக்கெழுதுகிற மேஜை கொடுத்தாலும் வாங்கிக்கொள். குழாய் பொதிகிற வேலை மட்டும் வேண்டாம், அதைப் பிய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாதே. அப்பா பார்த்த வேலை என்று ஆசைப்பட்டுத்தானே கேட்டு வாங்கினாய். பக்கத்தில் விடாத அப்பனை அவன் வேலையிலாவது தொட்டுப் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். இது என் ஊகம்தான், தப்பாக இருந்தால் பேசாமல் இரு. சரியாக இருந்தால், அதற்காக நீ பம்பாய்வரை போக வேண்டாம்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் அம்மா இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வருகிறாள். வாசித்துவிட்டு அவளோடு வா. நான் கட்டிலில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். முதுகில், விலாவுக்குக் கீழே, உன் காதை வைத்துக் கேள். டாக்டர் குழாயை வைத்துத்தான் கேட்டார், உனக்குக் குழாய் வேண்டாம். மூச்சை இழுக்கும்போது உள்ளே காய்ந்த ஓலையைக் கசக்குவதுபோலக் கேட்கும். நின்றுவிட்டது என்று காதை எடுத்துவிடாதே, அடுத்த மூச்சில் திரும்ப வரும். அதைக் கேட்டுவிட்டு அந்த வேலைக்குப் போவதா வேண்டாமா என்று நீயே சொல், நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே மக்கா. ஆறு வருஷத்துக்குப் பிறகு நீ என்மேல் சாய்ந்திருப்பாய். நான் மூச்சை மெதுவாகத்தான் விடுவேன்.

அப்பா